தொண்ணூறாவது நாள்

சிமியோன் கிளம்புகிற அன்றைக்கு ரிம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்து அவனுக்கு வழிச்சாப்பாடு கட்டிவிட்டாள். உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ரொட்டி ஆறு, அவித்த முட்டை நாலு, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் ஒரு டப்பா. தங்கை புருஷன் மேல் அவ்வளவு பாசமா என்று கேட்டால், இல்லை. வேண்டாத விருந்தாளி ஊருக்குப் போகிறான் என்றால் கை தானாகவே தாராளமாகிவிடும்.

அவன் மால்டோவாக்காரன். போர் நடக்கிற நாட்டுக்குள் வெளிநாட்டான் வந்தால் நூற்றியெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். சமையலறைக் காலண்டரில் ரிம்மா அவன் இருந்த ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்திருந்தாள். ஏப்ரல் முப்பது, தொண்ணூறாவது நாள். ராத்திரி பன்னிரண்டுக்குள் எல்லையைத் தாண்டாவிட்டால் அபராதம்; மூன்று வருஷம் உள்ளே வரக்கூடாது என்று முத்திரை குத்தினாலும் குத்துவார்கள். இந்த விவகாரங்களில் ரிம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது. ஒடேசாவில் துறைமுகத்துக்கு மேலே ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. வெளிநாட்டாருக்கு வேண்டிய பாஸ்போர்ட், போர்க்காயத்துக்கும் பணம் தருகிற இன்சூரன்ஸ், கையில் செலவுக்குக் காசு, தங்கும் முகவரி, வந்த காரணம், பதுங்குமிடம் எந்தப் படிக்கட்டில், ஊரடங்கு எத்தனை மணிக்கு, எதைப் போட்டோ எடுக்கக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

சிமியோனோ இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"நுழையிற நாளும் ஒரு நாளு, வெளிய போற நாளும் ஒரு நாளு. நீ ராத்திரிய எண்ணியிருக்க. மூணு தடவ வந்துட்டுப் போனதுல மூணு நாள் போச்சு" என்றாள் ரிம்மா முந்தின நாள்.

"இத யாருமே சொல்லலியே அக்கா."

"படிச்சிருக்கணும் மாப்பிள. டைல்ஸ் ஒட்ட அளவெடுக்கத் தெரியுது, நாள் எண்ணத் தெரியலியா?"

அவள் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் சரியானதைச் சொல்லும்போது மனிதருக்கு இத்தனை இனிக்கக் கூடாது.

அவன் தனியாகக் கிளம்புகிறான் என்பதுதான் அந்த இனிப்பு. வந்தது மகளைக் கூட்டிப்போக. ஸ்லாத்தாவுக்கு ஆறு வயது. அம்மா லீதியா கெர்சோனில் ரொட்டி வாங்க வரிசையில் நின்ற இடத்தில் குண்டு விழுந்து போய்விட்டாள். அப்போது சிமியோன் இத்தாலியில் எங்கேயோ குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முன்பே அவளுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம். போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தவள் பெரியம்மா ரிம்மா. ஜுரத்துக்கு ஈரத்துணி போட்டதும், சைரன் அடித்தால் என்ன செய்யணும் என்று பழக்கியதும், ஒன்று முதல் நூறு வரை சொல்லிக் கொடுத்ததும் அவள். அப்புறம் ஜனவரியில் ஒரு நாள் இவன் வந்து வாசலில் நிற்கிறான், கையில் ஒரு பெரிய கரடிப் பொம்மையோடு.

பெற்ற அப்பன் பிள்ளையை எல்லை தாண்டிக் கூட்டிப்போக ஒரே ஒரு காகிதம் போதும்: அப்பன் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ். அது கெர்சோன் வீட்டோடு எரிந்துவிட்டது என்று ரிம்மா சொன்னாள். நகல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் அவன் காத்திருந்து, வேலை போய்விடும் என்று திரும்பிப் போய், மறுபடி வந்தான்.

எழுதிப் போடவே இல்லை. சான்றிதழ் எரியவும் இல்லை. இந்த ஊரில் இப்போது எல்லோரும் செய்வதுபோல ரிம்மாவும் வீட்டுக் காகிதங்களை உடம்போடு கட்டிக்கொண்டுதான் திரிகிறாள். ஸ்வெட்டருக்கு அடியில், பழைய தலையணை உறையில் தைத்த ஒரு பை. வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், மூன்று வருஷமாக எதிரியிடம் கைதியாக இருக்கும் புருஷன் பொக்தானைப் பற்றிய ஒரே கடிதம், இவற்றோடு நாலாக மடித்த அந்தச் சான்றிதழும் அவள் வயிற்றோடுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது ஒருவேளைச் சோற்றோடு போயிற்று. இவள் மூன்றரை மாதம் அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாள்.

இன்றைக்கு அவன் போய்விட்டால் ஜூலை பாதி வரை உள்ளே வர முடியாது. அதையும் எண்ணி வைத்திருந்தாள்.

மினிபஸ் மூன்று மணிக்கு. பகல் ஒன்றே முக்காலுக்கெல்லாம் அவனைக் கிளப்பிவிட்டாள். பயணத்துக்கு முன் ஊர் வழக்கப்படி மூவரும் பெட்டியைச் சுற்றி ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்கள். ஸ்லாத்தா அவனைப் பார்க்கவே இல்லை, கரடியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷத்துல வந்துடுறேன் தங்கம். கதவத் திறக்காத" என்று சொல்லிவிட்டு ரிம்மா அவன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. பத்து நிமிஷம்தானே.

லிஃப்டின் வாசலில் அவள் கையெழுத்தில், இந்தக் கட்டடத்துப் பொறுப்பாளர் என்ற முறையில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மின்வெட்டுக்குக் கால்மணி நேரம் முன்பு யாரும் லிஃப்டில் ஏறக்கூடாது. இரண்டு மணிக்கு மின்வெட்டு. இப்போது ஒன்று ஐம்பது.

"நடந்தே போயிடலாமே அக்கா. நேரந்தான் இருக்கே" என்றான் சிமியோன்.

"ஒம்பது மாடியா? இந்தக் கல்லுப் பெட்டியோடயா? ஏறு, ஒரு நிமிஷம்" என்றாள்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. ஆறாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு முறை உதறி நின்றது. அன்றைக்கு மின்சாரக்காரர்கள் பட்டியலைவிட எட்டு நிமிஷம் முந்திக்கொண்டார்கள்.

சிமியோன் போன் வெளிச்சத்தைப் போட்டான். சிக்னல் இல்லை. இரண்டு ஆளும் ஒரு பெட்டியும் நின்றால் நிறைந்துவிடுகிற லிஃப்ட். மூலையில் ஒரு முக்காலி, ஒரு மூடி போட்ட வாளி, ஓர் அட்டைப்பெட்டி. மாட்டிக்கொள்கிறவர்களுக்காக எல்லாக் கட்டடத்திலும் இப்படி வைப்பது வழக்கம். இங்கே வைத்தவள் ரிம்மாதான். அட்டைப்பெட்டி மேல் அவள் எழுதியிருந்ததை அவன் குனிந்து வாசித்தான்.

"'தண்ணீர் இரண்டு, பிஸ்கட் மூன்று, மனசு படபடப்புக்குச் சொட்டு மருந்து ஒன்று. வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரிம்மா.'" திறந்து பார்த்தான். "பிஸ்கட் ஒண்ணுகூட இல்லக்கா. நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

"ஏழாவது மாடிக்காரன்தான். குடிச்சா அவனுக்குப் பசிக்கும்."

"கரெண்டு எப்ப வரும்?"

"ஆறு மணிக்கு."

"என் பஸ்ஸு?"

"வேற வண்டி கெடைக்கும். பலாங்கா எல்லைக்கு ஒண்ணர மணி நேரந்தான். பன்னெண்டுக்குள்ள போயிடலாம்." அப்போதும் அவள் அவனை அனுப்பும் கணக்கில்தான் இருந்தாள்.

கதவின் நடுவில் விரல் நுழைத்து இழுத்துப் பார்த்தான். ஒரு சாண் திறந்தது. எதிரே சிமெண்டுச் சுவர், மேலே ஆறாவது மாடிக் கதவின் அடிவிளிம்பு. அந்த இடுக்கு வழியாகக் கீழேயிருந்து குரல் வந்தது. தரைத்தளத்துப் பொலினா, காலில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு வாரமாக வீட்டோடு கிடப்பவள்.

"யாருடா மாட்டிக்கிட்டது?"

"நாந்தான், ரிம்மா."

பொலினா சிரித்த சிரிப்பு லிஃப்டுக் குழி முழுக்க ஏறி வந்தது. "நீயா? நோட்டீஸ் ஒட்டுன நீயா? இரு, இத நான் கட்டடம் முழுக்கச் சொல்லலேன்னா என் பேரு பொலினா இல்ல."

"சொல்லிக்க. மெக்கானிக்குக்குப் போன் போடு."

"போட்டாச்சு. கரெண்டு இல்லாம அவன் வந்து என்ன பண்ணுவான், கையால தூக்குவானா? உக்காரு, ஜெபம் பண்ணு."

ரிம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். சிமியோன் பெட்டி மேல். முழங்காலோடு முழங்கால் இடித்தது. ஒடுக்கிக்கொள்ள இடமில்லை. அவன் சட்டையில் புகையிலை வாசம், சாப்பாட்டு மூட்டையில் வெள்ளரிக்காய் வாசம். மூச்சு விட்டால் பை வயிற்றில் உறுத்தியது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வழியே இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் பயம் எங்கே போகும்?

"அவ கழுத்துல ஒரு அட்டை கட்டியிருக்கீங்களே" என்றான் சிமியோன் கொஞ்ச நேரம் கழித்து. "பேரு, ரத்த வகை, யாருக்குச் சொல்லணும்னு."

"எல்லாப் புள்ளைக்கும் கட்டுறதுதான்."

"உங்க பேரு இருக்கு. பொக்தான் அண்ணன் பேரு இருக்கு. அந்த மனுஷனுக்கு யாரு போன் பண்ணுவா? என் பேரு இல்ல."

"உன் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? மூணு வருஷமா போனா பண்ணுன?"

"தப்புதான். அதுக்குத்தான் வந்தேன். ரூம்கூட ரெடி பண்ணிட்டேங்க்கா. சுவர்ல மஞ்சப் பெயிண்ட்டு. பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளி. ராத்திரி சத்தம்னா நாய் கொரைக்கிற சத்தந்தான்."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று ரிம்மா நினைத்தாள்.

அப்போதுதான் சைரன் அடித்தது.

லிஃப்டுக்குள் அது வெளியே கேட்பதுபோலக் கேட்கவில்லை. சுவர் வழியாக, காலடி வழியாக வந்தது. ரிம்மா எழுந்து நின்றுவிட்டாள். மேலே பிள்ளை தனியாக இருக்கிறது. கடலிலிருந்து ட்ரோன் வந்தால் இருபது நிமிஷம் கிடைக்கும். ராக்கெட் என்றால் மூன்று நிமிஷம்கூட இல்லை. எது என்று சொல்கிற அவள் போன் மேலே வீட்டில் கிடந்தது.

"பொலினா! யாராவது மேல போறாங்களா? ஸ்லாத்தா தனியா இருக்கா!"

"ஒருத்தரும் இல்லடி, வேலைக்குப் போனவங்க போயாச்சு, இருந்தவங்க அடித்தளத்துக்கு ஓடியாச்சு. என்னால படியேற முடியாதே, கடவுளே" என்றது கீழ்க்குரல். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றாள் ரிம்மா, சிமியோனிடமோ தன்னிடமோ. "போர்வைய எடுத்துக்கிட்டு நடைக்கூடத்துல உக்காருவா. ரெண்டு சுவருக்கு நடுவுல. மொத சுவரு அடிய வாங்கும், ரெண்டாவது சுவரு கண்ணாடியத் தடுக்கும். நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். வெளிய வரமாட்டா."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே கதவு திறக்கிற சத்தம். பிறகு லிஃப்டுக் கதவைச் சின்னக் கையால் தட்டுகிற சத்தம்.

"பெரியம்மா?"

"உள்ள போ!" ரிம்மா இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "ஸ்லாத்தா, உள்ள போ, நடைக்கூடத்துக்குப் போ!"

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க."

"லிஃப்ட் நின்னு போச்சு. நீ உள்ள போ தங்கம்."

"நீங்க வாங்க."

ஒன்பதாவது மாடியில் லிஃப்டுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஜன்னல். போன குளிர்காலத்தில்தான் புதுக் கண்ணாடி போட்டார்கள். பிள்ளை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ரிம்மா கெஞ்சினாள், அதட்டினாள், அடிப்பேன் என்றாள். பிள்ளை நகரவில்லை.

சிமியோன் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு இடுக்கில் முகத்தை வைத்தான்.

"ஸ்லாத்தா, அப்பா பேசுறேன். கரடி எங்க?"

கொஞ்சம் பொறுத்து, "உள்ள."

"அதுக்குத் தெரியுமா ரெண்டு சுவரு விஷயம்?"

"தெரியாது."

"அது மால்டோவாக் கரடி. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. ஜன்னலப் பாத்து உக்காந்திருக்கும். போயிச் சொல்லிக் கொடு. கதவச் சாத்திக்க. அதுக்கு நூறு வரைக்கும் எண்ணிக் காட்டு."

மேலே காலடிச் சத்தம் ஓடியது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதா இல்லையா என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் வெடித்தது.

ரொம்பத் தூரமில்லை. லிஃப்ட் கயிற்றில் ஆடி இரண்டு பக்கமும் இடித்தது. மேலேயிருந்து தூசி கொட்டியது. எங்கேயோ கண்ணாடி நிறைய, நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஸ்லாத்தா!"

இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். குழிக்குள் அவர்கள் குரல்தான் போய்த் திரும்பி வந்தது. சிமியோன் கதவிடுக்கில் தோளைக் கொடுத்து முக்கினான். விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கதவு அதே ஒரு சாண்தான். ரிம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். வயிற்றில் கையை வைத்தவள் பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை மார்ச் மாதமே மஞ்சள் சுவர் வீட்டில் இருந்திருக்க வேண்டியது. ஜனவரியிலேயே இருந்திருக்கலாம். அதை இந்த ஒன்பதாவது மாடியில், இந்த ஜன்னலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது எதிரி இல்லை, நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவளால் தள்ளிவிட முடியவில்லை.

நாலு நிமிஷம். சிமியோனின் போனில் பார்த்தாள். இரண்டு இருபத்தொன்றிலிருந்து இரண்டு இருபத்தைந்து வரை.

பிறகு மேலே கதவு திறந்தது.

"பெரியம்மா, நூறு வரைக்கும் சொல்லிட்டேன். கரடிக்குப் புரியல, மறுபடி மொதல்லேருந்து சொன்னேன். வெளியில கண்ணாடி இருக்கு."

"மிதிக்காத" என்றான் சிமியோன். "உள்ளேயே இரு கண்ணு. இன்னும் நூறு தடவ சொல்லிக் கொடு."

கதவு சாத்தப்பட்டது. இந்தத் தடவை சத்தம் நன்றாகக் கேட்டது. அவன் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ரிம்மா ஸ்வெட்டரைத் தூக்கினாள். பையை அவிழ்த்தாள். முதலில் பொக்தான் கடிதம் வந்தது, அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அவன் போன் வெளிச்சத்தில் விரித்தான். வாசித்தான். தன் பெயர் இருக்கிற வரியில் வெளிச்சம் நின்றது.

"எரிஞ்சு போச்சுன்னீங்க."

"இல்ல."

"கெர்சோனுக்கு எழுதிப் போட்டது?"

"போடல."

"மார்ச்சுல எதிர்த்த கட்டடத்துல ட்ரோன் விழுந்துச்சே. நாம மூணு பேரும் விடிய விடிய நடைக்கூடத்துல உக்காந்திருந்தமே. அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

"இங்கதான்." வயிற்றைத் தொட்டாள்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் லிஃப்டுச் சுவரை ஓங்கிக் குத்தினான். லிஃப்ட் ஆடியது. இருவரும் பயந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யாருடைய கை என்று தெரிந்ததும் விட்டார்கள்.

உண்மையைச் சொன்னவர்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவது வழக்கம். இல்லையென்றால் கேட்டவர் போய்விடுவார், கதவை அறைந்து சாத்திக்கொண்டு. இங்கே அறைவதற்குக் கதவு ஒரு சாண்தான் இருந்தது. முழங்காலோடு முழங்கால் இடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அப்போதும் அவன் தோள் அவள் கையில் பட்டது. அவன் மூச்சை அவள்தான் திரும்ப இழுத்தாள். மூன்று மணிக்கு மினிபஸ் போயிருக்கும். மூன்றரைக்கு சைரன் அடங்கியது. பிள்ளை இரண்டு தடவை வந்து குரல் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு தடவையும் இருவரும் ஒன்றுமே நடக்காததுபோலப் பதில் சொன்னார்கள். பிறகு அவனுக்கு வாளி தேவைப்பட்டது. ரிம்மா மூலைக்குத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு, காதையும் பொத்திக்கொண்டாள். அரை மணி நேரத்தில் அவளுக்கும் அதே அவமானம். அவன் தன் கோட்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பார்த்து நின்றான். கோபமாக இருக்கும்போதும் பிடித்துக்கொண்டு நின்றான் என்பது அவளை இன்னும் சுட்டது.

ஐந்து மணிக்கு அவன் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்து ரொட்டி ஒன்றை அவள் பக்கம் நீட்டினான்.

"ஏங்க்கா செஞ்சீங்க?"

"எனக்கு வேற யாரு இருக்கா?"

"நீங்களும் வாங்க. பெட்டி கட்டுங்க. எல்லையில பொம்பளைங்களத் தடுக்கிறதில்லையே." அன்பாகச் சொல்லவில்லை. பிள்ளைக்காகச் சொன்னான்.

"பொக்தான் வந்தா?"

"போன் பண்ணுவாரு."

"மூணு வருஷம் கழிச்சு வர்ற மனுஷனுக்கு வீடுதான் ஞாபகம் இருக்கும், நம்பரா ஞாபகம் இருக்கும்? கதவத் தட்டுறப்ப யாராவது திறக்கணும்."

ரொட்டியை இருவரும் மென்றார்கள். உருளைக்கிழங்கில் உப்பு கூடியிருந்தது, அதை யாரும் சொல்லவில்லை.

ஆறு பத்துக்கு விளக்கு எரிந்தது. லிஃப்ட் தன் வழக்கப்படி யாரையும் கேட்காமல் கீழே போய்த் தரைத்தளத்தில் கதவைத் திறந்தது. பொலினா இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். கேலி ஒன்று வைத்திருப்பாள் போலிருக்கிறது. இவர்கள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

சிமியோன் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் படியில் ஓடினான். ரிம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஏழாவதில் உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. இனி ஒவ்வொரு படியும் பிள்ளையைக் கொடுக்கப் போகிற படி. ஆனாலும் ஏறினாள். ஒன்பதாவது மாடியில் ஜன்னல் இருந்த இடத்தில் வானம் இருந்தது. கண்ணாடிச் சில்லு லிஃப்டுக் கதவு வரைக்கும் தெறித்துக் கிடந்தது, பிள்ளை நின்று தட்டிய அதே இடம். ரிம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்லாத்தா நடைக்கூடத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். சிமியோன் எதிரே மண்டியிட்டிருந்தான். அவன் கையில் பிள்ளையின் ஜாக்கெட். ரிம்மாவைக் கண்டதும் பிள்ளை ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"வரமாட்டேங்குறா" என்றான் சிமியோன். "எல்லைக்கு வண்டி சொல்லிட்டேன், அர மணி நேரத்துல வந்துடும். கையக்கூடத் தொட விடமாட்டேங்குறா."

காலையில் இதைக் கேட்டிருந்தால் ரிம்மாவுக்கு வயிறு குளிர்ந்திருக்கும். இப்போது அவள் குனிந்து பிள்ளையின் தலைமுடியிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"அப்பாகூடப் போ தங்கம். அங்க சைரன் இல்ல. மஞ்சச் சுவரு இருக்காம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் போனா நீங்க செத்துப் போயிடுவீங்க."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. தூங்குறப்பச் சொன்னீங்க. நீ போயிட்டா நான் செத்துருவேன்னு."

சொல்லியிருந்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை, பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து. சிமியோன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரிம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அது சும்மா சொன்னது. பெரியவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. யாரும் அப்பிடிச் செத்துற மாட்டாங்க."

"பொய்யா?"

"பொய்தான்."

ஸ்லாத்தா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மெல்ல மலர்ந்தது. ரிம்மாவின் காதருகே வந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மா செத்துப் போயிட்டாங்கன்னு சொன்னதும் பொய்யா?"

ரிம்மா வாயைத் திறந்தாள். அந்த முகத்துக்கு எதிரே இன்னொரு பொய் சொல்லிவிடலாம். சொல்லிப் பழகிய வாய்தான். கைக்கு அவ்வளவு அருகில் இருந்தது அந்தச் சின்ன முகம்.

"இல்ல தங்கம். அது நெசம்."

பிள்ளை அழவில்லை. ரிம்மாவைக் கட்டியிருந்த கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கரடியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, எந்த ஷூ போடணும் என்று கேட்டாள்.